சட்டப்படி காலியான மைதானம்

ஸ்கார்பரி இருசக்கர வாகனத் தேர்வு நிலையத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. தார் போட்ட தரை. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவேலி. ஒரே ஒரு கேட். தேர்வு நடக்கும்போது அந்தக் கேட்டைப் பூட்டிச் சாவியைத் தேர்வாளர் தன் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே அவர் இருப்பார், தேர்வுக்கு வந்தவர் இருப்பார், ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக நிற்கும். வேறு ஈ காக்கை கிடையாது.

அந்த மைதானத்தில்தான் கெய்னர் ஆத்வெயிட் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டாள்.

"உயிர்காப்புப் பார்வை இல்ல, திருமதி ஆத்வெயிட்," என்றார் தேர்வாளர் டெஸ்மண்ட் திரிப். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வாக்கியமும் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி வந்ததுபோலப் பேசுவார். "அத்தோட தேர்வு முடிஞ்சுது."

கெய்னர் இப்போது திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேலி இருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது.

"பின்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"யாராச்சும் வர வழி இருக்கா?"

"வாய்ப்பே இல்ல. சாவி என்கிட்டல்ல இருக்கு?" பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சாவி கிணுங்கியது.

"எனக்கும் அது தெரியும். கேட்டைப் பூட்டறப்ப பாத்தேன். கண்ணாடிலயும் பாத்தேன்."

"தெரிஞ்சிருக்கறதுக்கு இங்க மார்க் கிடையாதுங்க."

கெய்னர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சுபாவமே அப்படி. யாராவது எதையாவது சொன்னால், அதை உள்ளே வாங்கி, வைத்துப் பார்த்து, பதில் சொல்லத் தகுமா என்று யோசிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்குப் பாதி டீ ஆறிவிடும். மலைமேல் ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது பழக்கம். அதிகாரிகளுக்குப் பழக்கமில்லை. மௌனம் நீண்டால் தங்கள்மேல் ஏதோ குற்றச்சாட்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அதை நிரப்பப் புறப்பட்டுவிடுவார்கள்.

திரிப்பும் புறப்பட்டார்.

"இங்க பாருங்க. நீங்க பாத்ததை நான் பாக்கலியே. உங்க கண்ணு எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? தலை திரும்பணும். தாடை தோள்ல படணும். நான் அந்த மூலையில நின்னுக்கிட்டு, 'ஆகா, இந்தம்மா பாக்கறாங்க'ன்னு திருப்திப்படணும். ரோட்டுல நீங்க உயிரோட இருக்கறது உங்க சொந்த விஷயம். இங்க என் திருப்திதான் விஷயம்."

பிறகு கேட்டைத் திறந்துவிட்டு, நல்ல மனிதர் என்பதால், "பத்திரமா வீட்டுக்குப் போங்க," என்றார். "மலை உச்சியில மூடுபனியாம். மரம் ஏத்தின லாரிங்க வேற வரும்."

"நான் ஓட்டத் தகுதியில்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"லைசென்ஸுக்குத் தகுதியில்ல. ஓட்டறதுக்கு உங்ககிட்ட அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கே? தாராளமா ஓட்டலாம்."

கெய்னர் தாராளமாக ஓட்டிக்கொண்டு போனாள். மூடுபனி இருந்தது. லாரிகளும் வந்தன. ஒரு வளைவில் சாலை நடுவே ஆடு ஒன்று படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். அதை யாரும் பார்க்கவில்லை என்பதால் அது நடந்ததாகக் கொள்ள முடியாது.

அந்தச் சான்றிதழின் கதை இது. ஒரே ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் போதும். கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்து, பதினைந்து வயதுப் பையன்கள் சைக்கிளில் போகிற மாதிரி ஒரு வட்டம் அடிக்கச்சொல்லி, காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பைக்கின் முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுதிய பலகையை மாட்டிக்கொண்டு, பெரிய நெடுஞ்சாலை தவிர நாட்டில் எந்தச் சாலையிலும், எந்த மழையிலும், எந்தப் பனியிலும் இரண்டு வருடம் போகலாம். அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் செத்துப்போகாமல் இருந்தது கணக்கில் வராது. அதற்குள் காலி மைதானத்தில் தேறாவிட்டால், நீங்கள் சாலைக்கு ஆபத்தானவர் என்று அரசு ஒரு முடிவுக்கு வரும்.

கெய்னருக்கு அந்த இரண்டு வருடம் நவம்பரில் முடிகிறது.

அவள் தொழில் கால் நகம் வெட்டுவது. த்ராங்டேல் பள்ளத்தாக்கு முழுக்க ஒற்றைப் பண்ணைவீடுகள். ஒவ்வொன்றிலும் குனிய முடியாத ஒருவர் இருப்பார். ஐம்பது வருடம் ரப்பர் பூட்ஸுக்குள் கிடந்த கால்கள். நகம் வளர்ந்து மடங்கி அடுத்த விரலைக் குத்தும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தக் குத்தல் புண்ணாகும், புண் காலையே கொண்டுபோகும். கெய்னர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போய், வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியும் அரமும் எடுத்துச் சரிசெய்துவிட்டு வருவாள். முன்பெல்லாம் பஸ்ஸில் போய்வந்தாள். மாவட்ட நிர்வாகம் அந்தப் பஸ்ஸை நிறுத்தியது. நிறுத்துவதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க மாலை ஏழு மணிக்கு ஸ்கார்பரியில் கூட்டம் போட்டார்கள். கடைசிப் பஸ் ஐந்து மணிக்கு என்பதால் பள்ளத்தாக்கிலிருந்து யாரும் வரவில்லை. யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

கார் இருந்தது. அது அவள் கணவனோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டது. இன்னொரு கார் வாங்கும் அளவுக்கு த்ராங்டேலில் யாருக்கும் நகம் வளரவில்லை. அதனால், ஐம்பத்துமூன்றாவது வயதில், சின்ன எஞ்சின் வைத்த நீலநிற பைக் ஒன்றை வாங்கினாள். முதல் நாள் மலையேறி, உச்சியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாருடைய நேரத்துக்கும் காத்திராமல் தானே வந்து சேர்ந்த முதல் இடம் அது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"எதுக்கும்மா உன்னை ஃபெயில் பண்ணினான்?" என்று கேட்டார் ஜோஸ் பிர்கெட். வயது எண்பத்தைந்து. அவருடைய நகங்கள் கிடாயின் கொம்புபோலச் சுருண்டிருக்கும். கால்கள் பிளாஸ்டிக் தொட்டிக்குள், வாயில் இஞ்சி பிஸ்கட்.

"பின்னாடி பாக்கலியாம்."

"பின்னாடி யாரு?"

"யாருமில்ல."

"அப்புறம்?"

"யாருமில்லன்னு பாக்கலியாம்."

ஜோஸ் பிஸ்கட்டைக் கடித்து முடிக்கும்வரை யோசித்தார். "போன தேர்வுலயும் இப்படித்தானே ஏதோ பண்ணினானுங்க?"

அது எழுத்துத் தேர்வு. கம்ப்யூட்டரில் சாலைப் படம் ஓடும். ஆபத்து தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். கல்சுவருக்கு மேலே ஒரு நாயின் வால் நுனி தெரிந்ததுமே கெய்னர் அழுத்திவிட்டாள். நாய் சுவர் தாண்டிச் சாலையில் குதித்த பிறகுதான் அது ஆபத்து என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்திருந்தது. முன்கூட்டியே பார்த்ததற்குப் பூஜ்யம். இரண்டாம் முறை, நாய் குதித்து, படத்தில் இருந்த கார் கிறீச்சிட்ட பிறகு, "ஐயோ" என்று சொல்லிக்கொண்டு நிதானமாக அழுத்தினாள். நல்ல மதிப்பெண் வந்தது.

"பேசாம மேபலை எடுத்துக்கிட்டுப் போ கண்ணு," என்றார் ஜோஸ். பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டி மேபல் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பு மலைமட்டக்குதிரை. பீப்பாய்போல வயிறு, கண்ணை மறைக்கும் பிடரி மயிர். "எந்தப் பயலும் லைசென்ஸ் கேக்க மாட்டான்."

"அந்தக் குண்டச்சி என்னை எங்க புல்லு இருக்கோ அங்க கொண்டுபோய் விடுவா."

"புல்லு இல்லாத வீடு இங்க எது?" என்றார் ஜோஸ்.

இரண்டாவது தேர்வில் அவள் எல்லா இடத்திலும் பின்னால் பார்த்தாள். கூம்புகளுக்கு இடையில் வளைந்து போனாள், எட்டுப் போட்டாள், நடைவேகத்தில் ஆடாமல் ஓட்டினாள். மிஞ்சியது திடீர் பிரேக். மைதானத்தின் ஒரு கோடியில் வேகம் அளக்கும் கருவி இருக்கும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடந்து, திரிப் கையை உயர்த்தியதும் நிறுத்த வேண்டும்.

அந்த நாட்டில் சாலைகள் மைலில் அளக்கப்படுகின்றன. பலகைகள் மைலில் இருக்கின்றன. பைக்கின் முள் மைலில் ஓடுகிறது. கிலோமீட்டர் என்பது ஸ்பெயினில் இருப்பது, கணவன் மாதிரி. கெய்னர் மணிக்கு முப்பது மைலில் போய், இம்மி பிசகாமல் நிறுத்தினாள்.

"நாப்பத்தெட்டு," என்றார் திரிப். "பத்தல. இன்னொரு தடவை தர்றேன்."

இரண்டாம் தடவை நாற்பத்தொன்பது வந்தது. அவள் கை அதற்கு மேல் முறுக்க மறுத்தது. ஊருக்குள் முப்பது மைல்தான் வரம்பு என்று அந்தக் கையில் ஆழமாகப் பதிந்துபோயிருந்தது.

"முப்பது மைல்தானே சட்டம்?" என்றாள்.

"ஆமா."

"நீங்க கேக்கற அம்பது கிலோமீட்டர் அதைவிட ஜாஸ்தியா?"

"ஒரு மைல் ஜாஸ்தி."

கெய்னர் மௌனமானாள். கூம்பு ஒன்று காற்றில் சாய்ந்து விழுந்தது. திரிப் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். அவள் இன்னும் மௌனமாகவே இருந்தாள்.

"இதுல என்ன குழப்பம்னு எனக்குப் புரியல," என்று ஆரம்பித்தார். "அந்தக் கேட்டுக்கு வெளிய நீங்க இந்த வேகத்துல போனா போலீஸ் பிடிக்கும். கேட்டுக்கு உள்ள போகலேன்னா நான் பிடிப்பேன். கேட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும். கிலோமீட்டர் ஏன்னு சிலர் கேக்கறாங்க. ஐரோப்பாவோட சேர்ந்திருந்தப்ப அவங்க சொன்ன அளவு அது. இப்ப நாம அவங்களைவிட்டு வந்தாச்சு, நம்ம இஷ்டப்படி இருக்கோம். நம்ம இஷ்டப்படிதான் அதை வெச்சுக்கிட்டிருக்கோம்."

பிறகு கேட்டைத் திறந்தார். "பத்திரமா போங்க. ரோட்டுல எண்ணெய் சிந்தியிருக்குன்னு சொன்னாங்க."

அடுத்த தேர்வுக்கு நவம்பரில்தான் இடம் கிடைத்தது. சான்றிதழ் முடியும் வாரத்தில். கெய்னர் பயிற்சியாளர் பிளென்கினிடம் போனாள். ஸ்கார்பரி மாட்டுச்சந்தைக்குப் பின்னால் கப்பலில் சரக்கேற்றும் இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் பள்ளி நடத்துபவர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஊரே கேட்கும் குரல்.

"அம்மணி, உனக்கு ஓட்டத் தெரியும். அதான் பிரச்சினை," என்றார். "ஓட்டத் தெரிஞ்சவங்களைத் தேத்தறதுதான் கஷ்டம். ஒண்ணுமே தெரியாத பயலைக் கொண்டா, ஒரு வாரத்துல பாஸ் பண்ண வைக்கறேன். உனக்கு வேண்டியது ஓட்டப் பயிற்சி இல்ல. நாடகப் பயிற்சி."

"நாடகமா?"

"பின்ன? பள்ளிக்கூடத்துல கிறிஸ்மஸ் நாடகம் போட்டிருப்பியே, இயேசு பிறப்பு. கடைசி வரிசையில இருக்கற அத்தைக்கும் தெரியற மாதிரி ஆட்டிடையன் நட்சத்திரத்தைப் பாப்பான்ல? அப்படிப் பாரு. உன் தாடை தோளை நக்கணும்."

கெய்னர் பார்த்தாள்.

"இது நீ பாக்கறது. நான் பாக்கணும். இன்னொரு தடவை!"

கெய்னர் மறுபடி பார்த்தாள். கழுத்தில் எதுவோ சொடுக்கியது.

"இப்பத்தான் வழிக்கு வர்றே. ஹெல்மெட்டுல ஒரு ரிப்பன் கட்டிக்க. தலை திரும்பினா ரிப்பன் பறக்கும். திரிப்புக்குத் தூரப்பார்வை மட்டு. போன மாசம் ஒரு தச்சன் மீன்பிடிப் படகுக் கொடியையே கட்டிக்கிட்டு வந்தான். பாஸ்!"

ஒரு மாதம் இது நடந்தது. பழக்கம் உடம்பில் ஏறியது. கெய்னர் தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் முன் தோளுக்கு மேலே பின்னால் பார்த்தாள். பின்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பாட்டு சரியில்லையோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மளிகைக் கடையில் பாலை எடுக்கும் முன் பார்த்தாள். கடைக்காரர் அவளைக் கண்காணிக்கத் தொடங்கினார். ஜோஸ் வீட்டில் இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்கு மாறும் முன் பார்த்தாள்.

"யாரு வர்றா?" என்று ஜோஸும் திரும்பிப் பார்த்தார்.

"யாருமில்ல."

"அட, உன்னை நல்லாத்தான் கெடுத்து வெச்சிருக்கானுங்க," என்றார்.

பள்ளத்தாக்குச் சந்தில் சில நாள் அவளுக்கு எதிரிலோ பின்னாலோ திரிப்பே வருவார். மைதானத்தில் தேறியவர்களுக்குச் சாலைத் தேர்வு என்று ஒன்று உண்டு. முன்னால் தேர்வர், பின்னால் இன்னொரு பைக்கில் திரிப், ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி வழியாக உத்தரவுகள். இருபுறமும் கல்சுவர் உள்ள அந்தச் சந்து கிராமப்புற ஆபத்துகளுக்கு நல்ல மாதிரி என்று அவர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கெய்னர் ஏதாவது பண்ணை வாசலில் ஒதுங்கி வழிவிடுவாள். அவர் தலையசைப்பார். நன்றாக ஒதுங்கினாள் என்பது அதற்குப் பொருள்.

மூன்றாவது தேர்வு நடந்த அன்று மழை இல்லை. ஹெல்மெட்டில் ஆரஞ்சு ரிப்பன். திரிப் புதிய கையுறை அணிந்திருந்தார். தேர்வாளர்கள் ஒழுங்காகத் தேர்வு வைக்கிறார்களா என்று தேர்வு வைக்க மண்டல மேற்பார்வையாளர் வந்திருப்பதாகச் சொன்னார். பெயர் ரோவினா ஹார்க்னெஸ். அலுவலகத்தில் இருக்கிறார்.

கெய்னர் வண்டியைப் பின்னோக்கித் தள்ளி ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்தில் வைத்தாள். பார்த்தாள். ரிப்பன் பறந்தது. எட்டுப் போட்டாள். பார்த்தாள். ஊருக்குள் போனால் போலீஸ் பிடிக்கும் வேகத்தில் கருவியைக் கடந்து பிரேக் பிடித்தாள். ஐம்பத்திரண்டு. திரிப்பின் முகத்தில் திருப்தி படர்வது அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. மிஞ்சியது யூ டர்ன். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குள், காலைத் தரையில் ஊன்றாமல், திரும்ப வேண்டும்.

மெதுவாகக் கிளம்பினாள். திரும்பும் இடம் வந்தது. கடைசி வரிசையில் இருக்கும் அத்தைக்கும் தெரியும்படி, தாடை தோளில் இடிக்க, பின்னால் பார்த்தாள்.

பின்னால் ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார்.

ஒரு கையில் டீக் கோப்பை, மறு கையில் போன். முகம் வேறு பக்கம். தன்னிடம் இருந்த தனிச் சாவியால் கேட்டைத் திறந்து, பேசிக்கொண்டே, வண்டி திரும்பப்போகும் இடத்துக்கு நேராக நடந்து வந்தார். கெய்னர் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, நின்றாள்.

"காலை ஊன்றிட்டீங்க, திருமதி ஆத்வெயிட்," என்று திரிப் ஓடி வந்தார். "ஐயோ, கடைசியிலயா? அத்தோட முடிஞ்சுது."

"அந்தம்மா குறுக்க வந்தாங்க."

"எந்தம்மா?"

ரோவினா ஹார்க்னெஸ் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். போனை அணைத்தார். திரிப் அவரைப் பார்த்தார். அவர் திரிப்பைப் பார்த்தார். கெய்னர் ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே ஒரு கடற்புறா குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது. மௌனம் நீண்டுகொண்டே போனது. அதை முதலில் தாங்க முடியாமல் போனவர் மேற்பார்வையாளர்.

"இதை நான் தெளிவுபடுத்திடறேன்," என்றார். "தேர்வு நடக்கறப்ப மைதானத்துல மூணாவது ஆள் இருக்கக் கூடாதுன்னு விதி. அந்த விதியை எழுதின குழுவுக்கு நான்தான் தலைவி. நான் உள்ள இருந்தேன்னு சொன்னா, என் விதியை நானே மீறினதா ஆகும். என் இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் ஒரு விதியையும் மீறினதில்ல. அதனால நான் இங்க இருந்திருக்க முடியாது."

"கையில டீ இருக்கே," என்றாள் கெய்னர்.

"இதை நான் அலுவலகத்துல குடிச்சுக்கிட்டிருக்கேன்," என்று ஒரு வாய் குடித்தார்.

கெய்னர் அதை உள்ளே வாங்கி வைத்துப் பார்த்தாள். "அப்ப நான் உங்க மேல ஏத்தியிருக்கணுமா?"

திரிப் அதிர்ந்துபோனார். "சேச்சே! ஏத்தியிருந்தா அதுக்கும் ஃபெயில்தான். அது ரொம்பப் பெரிய ஃபெயில்."

"அப்ப என்னதான் பண்ணியிருக்கணும்?"

"பின்னாடி பாத்துட்டுத் திரும்பியிருக்கணும்."

"பாத்தேன். பாத்ததாலதான் நின்னேன்."

"அங்கதான் தப்பு நடந்திருக்கு." திரிப்பின் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "பாக்கணும்கறதுதான் விதி. பாத்த இடத்துல எதையாவது காணணும்னு எங்கயும் சொல்லல. சட்டப்படி இது காலி மைதானம். இங்க எதையாச்சும் கண்டு அதுக்காக நிக்கறது காரணமில்லாத தயக்கம். ஒண்ணு மட்டும் நான் சொல்லியாகணும். உங்க பார்வை இருக்கே, பிரமாதம். நான் பாத்ததுலயே அதுதான் சிறந்த பார்வை."

"ரிப்பன் நல்ல யோசனை," என்றார், அங்கே இல்லாத ரோவினா ஹார்க்னெஸ்.

கெய்னர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. "ஞாயித்துக்கிழமையோட என் சான்றிதழ் முடியுது. மறுபடி எடுக்கணும்னா பிப்ரவரி வரைக்கும் இடமில்லன்னு பிளென்கின் சொல்றாரு. மலைமேல என்னை நம்பி இருக்கறவங்க கால் என்ன ஆறது?"

"கால்கள் எங்க துறை இல்ல," என்றார் மேற்பார்வையாளர்.

திரிப் கேட்டைத் திறந்தார். வழக்கமான வாக்கியம் அவர் வாயில் தயாராக இருந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பத்திரமா ஓட்டுங்க."

"திங்கக்கிழமைலேர்ந்து?"

"திங்கக்கிழமைலேர்ந்து நீங்க ஆபத்தானவங்க."

கெய்னர் அவரை வெகுநேரம் பார்த்தாள்.  பிறகு வண்டியை எடுத்தாள். கிளம்பும்போது அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குன்று வழியாக நடந்து ஜோஸின் பண்ணைக்குப் போனாள். கையில் ஹெல்மெட் இருந்தது.

"இன்னிக்கு என் முறை இல்லியே," என்றார் ஜோஸ்.

"உங்க காலுக்கு வரல. மேபலுக்கு வந்தேன்."

ஜோஸ் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். "சேணம் கதவுக்குப் பின்னாடி இருக்கு. வயித்துப் பட்டையை இறுக்கறப்ப அவ மூச்சை அடக்கிக்குவா, திருட்டுக் கழுதை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இறுக்கு. பிரேக் கிடையாது. கண்ணாடி கிடையாது."

"தேர்வு?"

"குதிரைதான் உன்னைத் தேர்வு பண்ணும்."

கெய்னர் ஏறினாள். சிறுமியாக இருந்தபோது மலைக் கண்காட்சிகளில் ஏறியது. உடம்பு மறக்கவில்லை, இடுப்பு மட்டும் புகார் சொன்னது. ஆரஞ்சு ரிப்பன் கட்டிய ஹெல்மெட்டை மாட்டினாள். பைக்கிலிருந்து கழற்றி வந்திருந்த 'எல்' பலகையைச் சேணத்தின் பின்னால் கட்டினாள். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஒருவர் ஐந்து வயதானாலும் தொண்ணூறு வயதானாலும், கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், முந்நூறு கிலோ எடையுள்ள, தனக்கென்று சொந்த அபிப்பிராயம் உள்ள ஒரு பிராணியை நடுச்சாலையில் ஓட்டிப்போகலாம். அதற்குச் சட்டம் எதையும் கேட்பதில்லை.

சந்தின் பாதியில்தான் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு எஞ்சின்கள்.

முன்னால் வந்தவர் தாடி வைத்த பெரிய மனிதர். ஸ்கார்பரியில் குழாய் வேலை செய்யும் டாரில். தேர்வர்களுக்கான மஞ்சள் மேலாடைக்குள் வியர்த்து, கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் டெஸ்மண்ட் திரிப்.

குதிரையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் தாண்ட வேண்டும். இதை விடாதவர்களை திரிப் எத்தனையோ முறை ஃபெயில் செய்திருக்கிறார். சந்தில் மேபலின் வயிறு போக மிஞ்சிய இடம் ஒரு கோழி நடக்கப் போதும். டாரில் நடைவேகத்துக்கு வந்தார். திரிப்பும் வந்தார்.

முதல் பண்ணை வாசல் வந்தது. வழக்கமாக அவள் ஒதுங்கும் இடம். கெய்னர் ஒதுங்கவில்லை. இரண்டாவது வாசலும் வந்து போனது.

"திருமதி ஆத்வெயிட்!" என்று திரிப் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கூப்பிட்டார். "கொஞ்சம் ஒதுங்குங்க! எங்களுக்கு நேரமாகுது!"

குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"நாங்க தேர்வுல இருக்கோம்!"

கெய்னர் அதை உள்ளே வாங்கி வைத்துப் பார்த்தாள். பிறகு, முன்னால் பார்த்தபடியே, நிதானமாகச் சொன்னாள்: "தேர்வு நடக்கறப்ப வேற யாரும் இருக்கக் கூடாதே, மிஸ்டர் திரிப். சட்டப்படி ரோடு காலி. நான் இங்க இல்ல. போய்க்கிட்டே இருங்க."

"எப்படிப் போறது? ரெண்டு மீட்டர் விடணுமே! இடமே இல்லியே!"

"எதை விட்டு ரெண்டு மீட்டர்?"

"உங்களை விட்டுத்தான்!"

"அப்ப நான் இருக்கேன்."

டாரிலின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. அவர் தோள்கள் குலுங்கின. காலை மட்டும் ஊன்றாமல் பார்த்துக்கொண்டார்.

"இதை ஓட்ட உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார் திரிப். வாக்கியம் மேலிடத்து ஒப்புதலைத் தேடி மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தது. 

மழை தூறத் தொடங்கியது. மேபலுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சுவரோரப் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் நின்று, ஒரு வாய் கடித்து, மென்று, சிந்தித்து, மறுபடி நடந்தது. அது நின்றபோதெல்லாம் இரண்டு பைக்குகளும் நின்றன. அன்று டாரில் எந்தத் தவறும் செய்ய வழியிருக்கவில்லை. அவர் தேறியதாகப் பின்னால் ஊரில் பேச்சு. தன் வாழ்க்கையிலேயே மிக அழகான பயணம் அதுதான் என்று அவர் மதுக்கடையில் சொல்லிவருகிறார்.

சந்து முடியும் இடத்தில், வலது பக்கம், ஏட்ரியன் மெட்காஃபின் பண்ணை. அவருக்குச் சர்க்கரை நோய். இடது பெருவிரலில் சிவப்பு தெரிகிறது என்று வெள்ளிக்கிழமை போன் செய்திருந்தார். வாசலில் நாற்காலி போட்டு, காலுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு அவர் காத்திருப்பது தூரத்திலேயே தெரிந்தது.

திரும்ப வேண்டிய இடம். கெய்னர் வலது கையை நேராக நீட்டினாள். தாடை தோளில் பட, ரிப்பன் காற்றில் பறக்க, கடைசி வரிசையில் இருக்கும் அத்தைக்கும் தெரியும்படி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆள் இருந்தார். திரிப்பின் புதிய கையுறை நனைந்திருந்தது. ஹெல்மெட் கண்ணாடியிலிருந்து மழைநீர் மூக்கு நுனிக்குச் சொட்டியது.

அவள் பார்ப்பதை அவர் பார்த்தார்.

மேபல் நின்று ஒரு வாய் புல்லைக் கடித்தது. கெய்னர் அவசரப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.